ஐந்தாவது ஆண்டில் அந்தக் கார் எப்படி இருக்கும்?

கேள்வி: முதன்முறையாகச் சொகுசு கார் வாங்கப் போகிறேன். பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், மெர்சிடிஸ் ஈ கிளாஸ், ஆடி ஏ6, லெக்சஸ் இஎஸ் 300எச் நான்கையும் பார்த்துவிட்டேன். ஓட்டத்திறன், தொழில்நுட்பம், டீலர் சேவை ஆகிய மூன்றிலும் எது முன்னால் நிற்கிறது? குறைந்தது ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணம்.

பதில்:

உங்கள் கேள்வியில் முக்கியமான வரி கடைசி வரிதான். மூன்றாண்டில் கைமாற்றிவிடுகிறவருக்கு இந்த நான்கில் எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வாரண்டி முடிவதற்குள் காரும் அவர் வீட்டு வாசலை விட்டுப் போயிருக்கும். ஏழெட்டு ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் டெஸ்ட் டிரைவ் அன்று பளபளக்கும் காரை ஒப்பிட்டுப் பயனில்லை. ஐந்தாவது ஆண்டில் அது எப்படி இருக்கும் என்பதை ஒப்பிட வேண்டும். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் கவனித்துக்கொண்டால் மெதுவாகத்தான் மூப்படைகின்றன. திரையும் மென்பொருளும் கைபேசியைப் போலச் சீக்கிரமே கிழடாகிவிடுகின்றன. டீலர் சேவையோ, நல்ல சர்வீஸ் அட்வைசர் ஒருவர் வேலையை விட்டுப் போன மறுநாளே மாறிவிடும்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் மூன்று நிறுவனங்களின் கார்களை வைத்திருந்திருக்கிறேன். எது எந்தத் தொல்லையைக் கொடுத்தது என்று பெயர் சொல்லப் போவதில்லை. அந்தத் தொல்லைகள் எந்த நிறுவனத்துக்கும் புதியவை அல்ல.

வேகக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 6 வினாடியா, 7 வினாடியா என்பது நண்பர்களோடு வாக்குவாதம் செய்ய உதவும். வண்டி ஓட்ட உதவாது. மின்சாரக் கார்கள் வந்த பிறகு அந்த எண்ணுக்கு இருந்த மரியாதையும் போய்விட்டது. இன்று சாதாரணக் குடும்ப மின்சாரக் கார்கூட, பத்தாண்டுக்கு முன்பு ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வாங்கியவற்றைச் சிக்னலில் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சொகுசு காரில் பார்க்க வேண்டியது அந்த ஆற்றல் காலடிக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான். அங்கேதான் நீங்கள் சொன்ன நான்கும் நான்கு விதம், காரணம் கியர்பாக்ஸ்.

5 சீரிஸில் இருப்பது இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 8 கியர் ஆட்டோமேட்டிக். 2009-இல் பிஎம்டபிள்யூவின் 760எல்ஐ காரில் அறிமுகமான அந்தப் பெட்டி, பிறகு ஜாகுவார், லேண்ட் ரோவர், பென்ட்லி என்று பல வீடுகளுக்குக் குடிபோனது. கியர் மாறுவதே தெரியாது. அழுத்தினால் உடனே கேட்கும். ஈ கிளாஸில் இருப்பது மெர்சிடிஸ் தானே வடிவமைத்து 2013-இல் கொண்டுவந்த 9 கியர் பெட்டி. குணத்தில் இது சற்று நிதானமானது. பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரை மனத்தில் வைத்துச் செய்தது போலிருக்கும். ஏ6-இன் பல வகைகளில் வருவது இரட்டை கிளட்ச் கொண்ட 7 கியர் பெட்டி. திறந்த சாலையில் அருமையாக இருக்கும். ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் மட்டும், கிளட்ச் பிடிக்கலாமா விடலாமா என்று யோசிக்கும் அந்தச் சிறு தயக்கம் சிலருக்கு எரிச்சலூட்டும். இதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது, வாங்கிய பிறகு அல்ல.

இஎஸ் 300எச் தனி ஜாதி. அது ஹைப்ரிட். ஒரு பெட்ரோல் இன்ஜின், இரண்டு மின்மோட்டார்கள். இவற்றை இணைக்க, நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் சுழலும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி. அதில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இல்லை, தேய்ந்துபோகிற கிளட்ச் இல்லை. மாறுவதற்கென்று கியர்களே இல்லாததால் நெரிசலில் எண்ணெய் வழுக்குவது போலப் போகும். குறையும் உண்டு. திடீரென்று ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் முதலில் ஏறும், வேகம் பிறகு ஏறும். ரப்பரை இழுத்துவிட்டது போன்ற அந்த உணர்வு, ஓட்டுவதில் ருசி கண்டவர்களுக்குப் பிடிக்காது. முன்சக்கர இயக்கம் என்பதால் வளைவுகளில் 5 சீரிஸ் தரும் அந்த லாகவமும் இதில் கிடைக்காது. ஆனால் கெட்டுப்போகக்கூடிய உறுப்புகள் குறைவு என்பது ஐந்தாவது ஆண்டில்தான் தன் அருமையைக் காட்டும்.

டெஸ்ட் டிரைவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஷோரூமில் உங்களுக்குத் தரும் கார் பெரும்பாலும் மேல்வகையாக இருக்கும். விலைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டிய சஸ்பென்ஷனும் அதில் இருக்கலாம். நீங்கள் பதிவு செய்வது அதற்கு இரண்டு படி கீழேயுள்ள வகையாக இருக்கும். இரண்டும் பள்ளத்தில் இறங்கும் விதம் ஒன்றாக இருக்காது. சக்கர அளவும் அப்படித்தான். அதே காரை 18 அங்குலச் சக்கரத்திலும் 20 அங்குலச் சக்கரத்திலும் ஓட்டிப் பாருங்கள், இரண்டு வேறு கார்கள் என்றே நினைப்பீர்கள். பெரிய சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடும். சாலையின் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து பேசும். படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக 20 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சவாரி முரடாக இருக்கிறது என்று நிறுவனத்தைத் திட்டுபவர்கள் ஏராளம். நீங்கள் வாங்கப்போகும் அதே வகையை, அதே சக்கர அளவோடு, பத்து நிமிடம் நெரிசலிலும் பத்து நிமிடம் மோசமான சாலையிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விரைவுச் சாலையில் கூட்டிப்போய் அழுத்திக் காட்டுவதை அவர்களே செய்துவிடுவார்கள்.

சேர்த்து, ரன்ஃபிளாட் டயரா என்றும் கேளுங்கள். பஞ்சரான பிறகும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போக முடியும் என்பது அதன் வசதி. அதற்கு விலை, விறைப்பான சவாரி. பெரும்பாலும் உடன் ஸ்டெப்னியும் இருக்காது.

இனி தொழில்நுட்பம். என் கருத்து கொஞ்சம் பழமைவாதமாகத் தோன்றலாம். இந்தக் கார்களில் வந்த மிகச் சிறந்த தொழில்நுட்பங்கள் எவையும் திரையில் தெரிபவை அல்ல. 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில், பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் வந்தது. 1995-இல் அதே எஸ் வரிசையின் கூபே காரில், சறுக்கும் காரை நேராக்கும் ஈஎஸ்பி வந்தது. அந்தக் காலக் கார் இன்று நல்ல நிலையில் இருந்தால், அந்த ஏபிஎஸ் எந்த அப்டேட்டும் கேட்காமல் இன்றும் வேலை செய்யும். 2018-இல் வந்த காரின் வரைபடத்தையும் குரல் கட்டளையையும் இன்று பயன்படுத்திப் பாருங்கள். பொறுமை போய்விடும்.

திரை விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 2001-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் திரையை இயக்க ஐடிரைவ் என்ற ஒற்றைத் திருகுகுமிழைக் கொண்டுவந்தபோது, இதென்ன கொடுமை என்று விமர்சகர்கள் கொதித்தார்கள். இருபது ஆண்டில் அதுவே, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் இயக்கக்கூடிய நல்ல ஏற்பாடு என்று பேர் வாங்கியது. பேர் வாங்கிய பிறகு, 2022-இல் வந்த எக்ஸ்1 காரிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்! மெர்சிடிஸ் 2021-இல் ஈக்யூஎஸ் மின்சாரக் காரில் ஹைப்பர்ஸ்கிரீன் என்று 141 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கண்ணாடியை விரித்தது. பார்த்தால் ஒரே திரை போலத்தான் இருக்கும். உண்மையில் ஒரே கண்ணாடிக்கு அடியில் மூன்று தனித்தனித் திரைகள். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் ஏசி காற்றைக் குறைக்க மூன்று முறை தொட வேண்டிய எந்தக் காரும் என்னிடம் மதிப்பெண் வாங்காது. இது என் தனிப்பட்ட முணுமுணுப்பு மட்டும் அல்ல. பாதுகாப்பு மதிப்பீடு செய்யும் யூரோ என்சிஏபி அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தொட்டு உணரக்கூடிய பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது.

தொழில்நுட்பம் மூப்படைவதில் இன்னும் இரண்டு வழிகளைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. ஒன்று, இணைய இணைப்பு. 2022-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் 3ஜி சேவையை மூடியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கார்களின் அவசர அழைப்பும் தொலைவிலிருந்து இயக்கும் வசதியும் ஒரே நாளில் ஊமையாயின. கார் கெடவில்லை, அது பேசிய மொழி வழக்கொழிந்துவிட்டது. மற்றொன்று, மாதச் சந்தா. 2022-இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் இருக்கைச் சூடேற்றியைச் சந்தாவாக விற்கப் பார்த்தது. இருக்கைக்குள் கம்பிகள் ஏற்கெனவே இருக்க, அதை இயக்க மாதாமாதம் பணமா என்று எழுந்த சினத்தில் மறு ஆண்டே கைவிட்டது. ஆனால் அந்த எண்ணம் தொழிலை விட்டுப் போய்விடவில்லை. ஆகவே நான்கு டீலர்களிடமும் எழுத்தில் கேளுங்கள்: இந்த வசதிகளில் எவை காரோடு நிரந்தரமாக வருகின்றன, எவை சில ஆண்டுகளில் காலாவதியாகும், பிறகு நீட்டிக்க என்ன செய்ய வேண்டும்? விற்பனையாளர் சற்றுத் திணறுவார். திணறட்டும்.

தானாகப் பிரேக் பிடிப்பது, பாதைக்கோட்டைக் காப்பது போன்ற ஓட்டுநர் உதவிகள் நான்கிலும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த உதவிகளுக்குக் கண்ணாக இருக்கும் கேமரா முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. கல் பட்டுக் கண்ணாடி உடைந்தால், கண்ணாடியை மாற்றுவதோடு வேலை முடியாது. கேமராவை மறுபடியும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அது சாலையைச் சில டிகிரி தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும். காப்பீட்டில் அந்தச் செலவும் அடங்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

டீலர் சேவைக்கு வருவோம். இதில்தான் நான் நிறையப் பணத்தையும், அதைவிட அதிகமாக நேரத்தையும் கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் துறையில் சேவை என்றால் என்ன என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது 1989-இல் லெக்சஸ் செய்தது. எல்எஸ் 400 சந்தைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வயரிங் பற்றியும் சூடேறிய பிரேக் விளக்கு பற்றியும் இரண்டு வாடிக்கையாளர்களின் புகார்கள் வந்தன. இரண்டே இரண்டு. விற்றிருந்த சுமார் 8,000 கார்களையும் நிறுவனம் திரும்ப அழைத்தது. புதிய பெயர், முதல் கார், முதல் அவமானம்; அதோடு கதை முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வீடுகளுக்கே ஆள் அனுப்பிக் கார்களை எடுத்துவந்து, சரிசெய்து, கழுவி, டாங்கியை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். மொத்த வேலையும் 20 நாளில் முடிந்தது. கெட்டுப்போன செய்தியே விளம்பரமாக மாறியது. அந்தப் பெயரை இன்றுள்ள ஒவ்வொரு டீலரும் காப்பாற்றுகிறாரா என்பது வேறு விஷயம். டீலர் என்பவர் பெரும்பாலும் தனி முதலாளி. வாசலில் இருக்கும் சின்னம் நிறுவனத்துடையது. உள்ளே இருக்கும் ஆட்களும் பழக்கவழக்கமும் அவருடையவை. அதனால் எந்த நிறுவனத்தின் சேவை நல்லது என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்தப் பட்டறையில், யார் கையில் என்று கேட்டால்தான் பதில் இருக்கிறது.

என் அனுபவம் ஒன்று. ஒரு காலை வெளியே வந்தால், காரின் இடப்பக்கப் பின்மூலை தரையோடு படிந்து கிடந்தது, கால் மடங்கிய மாடு போல. காற்று சஸ்பென்ஷன் உள்ள கார் அது. ஸ்டார்ட் செய்ததும் முனகிக்கொண்டே எழுந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனேன். அட்வைசர் கணினியில் பிழைக் குறியீட்டைப் பார்த்தார், காற்றடிக்கும் கம்ப்ரஸர் போய்விட்டது என்றார், காரை ஒருமுறை கூடக் குனிந்து பார்க்காமல் மதிப்பீட்டுத் தாளை நீட்டினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டு, மறுநாள் அதே பட்டறையின் மூத்த டெக்னீஷியனைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் வந்தார். காரைத் தூக்கினார். சோப்புத் தண்ணீர் நிரப்பிய தெளிப்பான் ஒன்றை எடுத்து, பின்சக்கரத்துக்குள்ளே இருக்கும் ரப்பர்க் காற்றுப்பையின் மடிப்பில் அடித்தார். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மடிப்பின் கீழ்விளிம்பில் கடுகு கடுகாகக் குமிழிகள் கிளம்பின. ஒன்று உடைந்தால் அடுத்தது. "கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கிறது சார். இந்த ஓட்டையை ஈடுகட்ட அது நாள் முழுக்க ஓடுகிறது. இதை இப்படியே விட்டிருந்தால் அதுவும் எரிந்திருக்கும்" என்றார். காற்றுப்பையை மட்டும் மாற்றினோம். முந்தைய நாள் மதிப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தால், புதிய கம்ப்ரஸரும் சில மாதங்களில் அதே ஓட்டைக்கு இரையாகியிருக்கும்.

கணினி சொல்வது எது பாதிக்கப்பட்டது என்பதை. ஏன் என்பதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். பிஎம்டபிள்யூவின் இஸ்டா, மெர்சிடிஸின் எக்ஸென்ட்ரி, ஆடியின் ஓடிஸ் எல்லாமே ஆய்வு மென்பொருள்கள்தான். அவற்றின் மேசைக்கு முன்னால் உட்காருபவரைப் பொறுத்தே அவை பேசும். டீலரிடம் போகும்போது ஓய்வறையில் என்ன காபி தருகிறார்கள் என்று பார்க்காதீர்கள். நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள், முன் பம்பரோ கண்ணாடியோ வேண்டுமென்றால் எத்தனை நாளில் வரும், வேலை இழுத்தால் மாற்றுக் கார் தருவார்களா என்று கேளுங்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. காரை விடும்போது குறைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் "முன்பக்கம் சத்தம்" என்று எழுதவிட்டால், "சோதித்தோம், சத்தம் இல்லை" என்ற பதில்தான் வரும். "காலையில் முதல் பத்து நிமிடம், வேகத்தடையில் ஏறும்போது, வலப்பக்க முன்சக்கரத்திலிருந்து, இரண்டு முறை தட்டுவது போல" என்று எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் காரை இரவே விட்டுவிட்டு, காலையில் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டுங்கள். அந்த ஜாப் கார்டின் நகலை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். வாரண்டி முடிந்த சில மாதங்களில் பெரிய பழுது வந்தால், குட்வில் என்ற பெயரில் செலவில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்பது உண்டு. அதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் கிடைக்கும். அதே குறைக்காக வாரண்டிக் காலத்திலேயே வந்திருக்கிறேன் என்று காட்டும் தாள் கையில் இருந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும்.

பராமரிப்பில் நிறுவனம் சொல்வதற்கு மேலே நான் இரண்டு செய்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று சில கார் நிறுவனங்கள் சொல்கின்றன. அந்தப் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டில், மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சைத்தான் நான் கேட்கிறேன். அடுத்தது 12 வோல்ட் பேட்டரி. இந்தக் கார்களில் பேட்டரி தளர்ந்தால் இன்ஜின் கிளம்பாமல் இருப்பதற்கு முன்பே, திரையில் ஸ்டியரிங், சஸ்பென்ஷன், கேமரா என்று ஏழெட்டு எச்சரிக்கைகள் வரிசைகட்டும். பயந்துபோய் எதையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். புதிதாகப் போட்டால், பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் அதை கணினியில் பதிவும் செய்ய வேண்டும். இல்லையென்றால் கிழட்டுப் பேட்டரிக்குச் செய்த அதே முறையில் புதியதையும் சார்ஜ் செய்துகொண்டிருக்கும். இஎஸ் வாங்கினால், ஹைப்ரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கைப் பக்கமிருந்து போகிறது. அந்தத் துவாரத்தைப் பையோ போர்வையோ வைத்து அடைக்காமல், வடிகட்டியைச் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொன்னால் போதும்.

உங்கள் நான்கில் என் தேர்வு என்ன என்று கேட்பீர்கள். எட்டு ஆண்டு, அலுவலகமும் வீடும், ஓட்டுவதில் பெரிய பித்து இல்லை என்றால் இஎஸ். ஓட்டுவதற்காகவே காலையில் சீக்கிரம் எழுகிறவர் நீங்கள் என்றால் 5 சீரிஸ், நீட்டித்த வாரண்டியோடு. பெரும்பாலும் பின்னிருக்கை என்றால் ஈ கிளாஸ், சிறிய சக்கரங்களோடு. ஏ6-இன் உள்வேலைப்பாடு நான்கிலும் நேர்த்தியானது என்பேன்; நெரிசலில் அதை ஓட்டிப் பார்த்து அந்தத் தயக்கம் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு, ஷோரூமுக்கு அல்ல, அந்த டீலரின் சர்வீஸ் பகுதிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கார்களைத் திரும்ப எடுக்கும் நேரம் அது. நான்கைந்து ஆண்டுப் பழைய கார் வைத்திருப்பவர்களாகப் பார்த்து, இதே குறைக்காக இது எத்தனையாவது முறை என்று மட்டும் கேளுங்கள்.